காளைக்கு நின்றோம், கொரங்காட்டை மறந்தோம்

2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் ஜல்லிக்கட்டுக்காக நாம் திரண்டு நின்றபோது, பதாகைகளில் திரும்பத் திரும்ப வந்தது காங்கேயம் காளையின் முகம். நாட்டு மாடு என்ற பேச்சு அந்த ஒரு வாரத்தில் நகரத்து வீடுகளின் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. அவசரச் சட்டம் வந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அந்தச் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. மகிழ்ந்தோம், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் காளை எந்த நிலத்தில் மேய்ந்து வளர்ந்தது, அந்த நிலம் இப்போது யார் கையில் என்ன நிலையில் இருக்கிறது என்று நம்மில் யாரும் கேட்கவில்லை.

அந்த நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், குண்டடம், கரூரில் க.பரமத்தி, அரவக்குறிச்சி; ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் ஓரங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி. சரளை கலந்த மண், நம்பியிருக்க முடியாத மழை. இதில் வெள்ளாமையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று கண்டுகொண்ட குடியானவர்கள் காட்டைப் புல்லுக்கு விட்டார்கள். சுற்றிலும் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல். நிழலுக்கும் நெற்றுக்கும் அங்கங்கே வெள்வேல மரம். ஒரு காட்டையே வேலி போட்டுச் சில துண்டுகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்ந்து முடிந்ததும் உருப்படிகளை அடுத்ததற்கு மாற்றுவார்கள். இது மேய்க்கால் புறம்போக்கு அல்ல. பட்டா நிலம். மேய்ச்சல் தரை என்றால் ஊர்ப் பொது நிலம் என்றே பழகிவிட்ட இந்த நாட்டில், புல்லையே ஒரு சாகுபடியாக நினைத்துத் தலைமுறைக் கணக்கில் தனியார் பராமரித்த இடங்கள் வெகு அபூர்வம்.

பறவைகளுக்கு இந்த ஏற்பாடு எப்படிப் பொருந்தியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புல்வெளிப் பறவைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் புல் ஆகாது. மஞ்சள்மூக்கு ஆள்காட்டிக்கும் சாம்பல்தலை வானம்பாடிக்கும் மேய்ந்து தேய்ந்த கட்டாந்தரை வேண்டும். எதிரி தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டும் அவற்றுக்கு. காடைக்கும் கௌதாரிக்கும் நேரெதிர்: குஞ்சோடு ஒளிந்துகொள்ளத் தூர் கட்டிய உயரமான புல் வேண்டும். பனங்காடைக்கு உட்கார்ந்து நோட்டம் பார்க்க ஒரு மரமும், கீழே வெட்டுக்கிளி தெரிகிற திறந்த தரையும் வேண்டும். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவின் பெரும் புல்வெளிகளிலிருந்து இறங்கி வரும் பூனைப்பருந்துகள் பகலெல்லாம் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடித்துவிட்டு, இரவில் மரத்தில் அடையாமல் புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாக அடையும். அவற்றுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத முழங்கால் உயரப் புல் வேண்டும். நாலு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கும் கொரங்காட்டில் இந்த உயரங்கள் எல்லாம் ஒரே நாளில், ஒரே குடும்பத்தின் நிலத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பறவைக்காக யாரும் திட்டம் போடவில்லை. மாட்டுக்காகப் போட்ட கணக்கு பறவைக்கும் சரியாக இருந்தது.

எனவே மாடு குறைந்தால் பறவையின் கணக்கும் தவறும். இது நமக்குப் புரியவே இல்லை. மேய்ச்சல் நின்றுபோன காட்டில் முதலில் புல் மண்டுகிறது, பிறகு சீமைக்கருவேலம் நுழைகிறது, சில வருஷங்களில் வானம்பாடி இறங்க ஒரு வெற்றுத்தரை இருப்பதில்லை. அதைப் பார்த்து நம்மில் சிலர் ‘இயற்கை திரும்புகிறது’ என்று படம் எடுத்துப் போட்டோம்.

நாம் என்று யாரைச் சொல்கிறேன்? கொங்கில் பிறந்து கோவையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் வாழ்கிறவர்கள். கழுத்தில் பைனாகுலரோடு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்புகிறவர்கள். சூழலைப் பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள், பள்ளிக்கூடங்களில் பாடம் எடுக்கிறவர்கள். நானும் இதில் ஒருவன். நம்மில் பலருக்கு ஊரில் அப்பாருடைய காடு ஒன்று இன்னும் இருக்கிறது. அது யாருக்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது என்பதுகூட நமக்குத் தெரியாது.

நாம் நேசித்தது தண்ணீர்ப் பறவைகளை. வேடந்தாங்கல், கூந்தன்குளம், வேட்டங்குடி என்று பெருமையோடு சொல்கிறோம். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற செய்தியை வருஷந்தோறும் பகிர்கிறோம். அது பகிர வேண்டிய செய்திதான். திருப்பூருக்குப் பக்கத்து நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக இங்கே உழைத்த நண்பர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே மாவட்டத்தில், பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில், புல்வெளி துண்டு துண்டாகக் கைமாறிக்கொண்டிருந்தது. குளத்துக்குக் கரை உண்டு, மதகு உண்டு, நீர்வளத் துறை உண்டு, மனு கொடுக்க ஒரு முகவரி உண்டு. கொரங்காட்டுக்கு இருந்த ஒரே முகவரி அந்தக் காட்டுக்காரர்தான். அவர் வீட்டு வாசலை நாம் மிதிக்கவில்லை.

மிதிக்காததற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. நில உடைமையாளர் என்றால் இயற்கைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் என்ற ஒரு நினைப்பு நம்மிடம் ஊறியிருக்கிறது. காட்டுயிர் என்றால் அரசாங்கக் காடு, வேலி, வனத்துறை, அபராதம். இந்த வரிசையைத் தாண்டி நாம் யோசித்துப் பழகவில்லை. அப்படி யோசித்ததால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கரேரா நல்ல சாட்சி. சிவ்புரி மாவட்டத்தில் கானமயில் என்ற புல்வெளிப் பறவையைக் காப்பாற்ற 1981-ல் ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். அந்தப் பரப்பில் பெரும்பகுதி விவசாயிகளின் சொந்த நிலம். அறிவிப்பு வந்ததும் நிலத்தை விற்க முடியவில்லை, வாங்க முடியவில்லை. மகளின் கல்யாணத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் கையிலிருந்த ஒரே சொத்து முடங்கியது. கானமயில் அந்த மக்களுக்குப் பகையானது. 1990-களில் கரேராவிலிருந்து அது மறைந்தேபோனது. பறவை போன பிறகும் பல வருஷம் தடை மட்டும் நீடித்தது. இதைப் படித்த ஒவ்வொருவரும் உடனே காங்கேயத்தை நினைத்திருக்க வேண்டும். நாம் அதை வடநாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

கானமயிலை அப்படி வடநாட்டுப் பறவை என்று ஒதுக்கவும் நமக்கு உரிமையில்லை. அதன் பழைய வாழிட எல்லைக்குள் தமிழ்நாடும் இருந்தது. இன்று இங்கே ஒன்றுகூடக் கிடையாது; இந்தியா முழுவதும் சேர்த்தாலும் இருநூறுக்குள்தான். வரகுக்கோழியும் ஒரு காலத்தில் மழைக்காலத்து இனப்பெருக்கம் முடிந்து தமிழ்நாடு வரை இறங்கி வந்த பறவை. இரண்டும் இன்று உலக அளவில் மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. இவை போன பிறகாவது எஞ்சியவற்றைப் பற்றி நாம் பதறியிருக்க வேண்டும். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருப்பதாகச் சொல்கிறது. திறந்த வெளிகளை நம்பி வாழும் பறவைகளின் நிலைதான் குறிப்பாக மோசம். நம் ஊர் மின்கம்பியில் நாம் தினமும் பார்த்த பனங்காடையே, அதன் ஆபத்து நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அந்த அறிக்கை சுட்டிக்காட்டும் இனங்களில் ஒன்று. அந்த அறிக்கைக்கான பதிவுகளில் நம் பதிவுகளும் இருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் ஊர் ஊராகப் போய் எண்ணியவர்கள் நாம். எண்ணினோம், பதிவேற்றினோம். யாருடைய வேலியோரம் நின்று எண்ணினோமோ அவரிடம் ‘உங்கள் காட்டில் இத்தனை வகைப் பறவை இருக்கிறது’ என்று சொல்லாமலே திரும்பி வந்தோம்.

மூலனூர்ப் பக்கம் ஒரு பங்குனி வெயிலில் நாங்கள் சிலர் ஒரு கொரங்காட்டுக்குள் நுழைந்தோம். கடவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டி ஒன்று கத்தியபடி எங்களைச் சுற்றியது. கூடு அருகில்தான் என்று தெரிந்தது, கண்ணுக்குத்தான் அகப்படவில்லை. வெள்ளாடு ஓட்டி வந்த அந்தக் காட்டுக்கார ஆத்தா குச்சியால் காட்டினார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பத்தடி. தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், ஓரத்தில் சின்னச் சரளைக்கற்களும் ஆட்டுப் புழுக்கையும். நடுவில் நாலு முட்டை, கூர்முனைகள் உள்பக்கம் சேர்ந்தபடி. மண்ணின் நிறமே முட்டைக்கும், அதன்மேல் கரும்புள்ளிகள். கையெட்டும் தூரத்தில் குனிந்து பார்க்கும்போதும் ஒரு நொடி கண்ணை எடுத்தால் மறுபடி தேட வேண்டியிருந்தது. கூட்டைச் சுற்றி நாலு பக்கமும் தலைப்பருமனுக்குக் கல் வைத்திருந்தது. ஆடு மிதிக்காமல் இருக்க அவரே வைத்ததாம். தாய்ப்பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்திருந்தோம். ஆட்டுக்கு வைத்த தொட்டி நிரம்பி வழிந்தால் அதன் அடியில் தேங்கும் தண்ணீருக்கு அது வந்துபோவதை அவர் பார்த்தே சொன்னார்.

படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு அவர் கேட்டார்: “சோலாருக்குக் காடு கேட்டு ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாங்க கண்ணு. கம்பிவேலிக்காரர் வந்தாரு, எடம் புரோக்கர் வந்தாரு. குருவி பாக்கறவீங்க நெறையப் பேரு இருக்கறீங்கன்னு சொல்றீங்களே, இத்தன நாளா ஆருமே வரலீங்களே?”

எங்களிடம் பதில் இல்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை இங்கே எல்லோர் முன்னாலும் வைக்கிறேன், ஏனென்றால் அது எங்கள் சிலருக்கான கேள்வி மட்டுமல்ல.

ஒரு கொரங்காட்டுக்காரரிடம் கடந்த முப்பது வருஷத்தில் யார் யார் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காற்றாலைக்காரர்கள் போனார்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து விழும் பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் விசிறி சுழல்கிறது. சூரிய மின் நிறுவனங்கள் போயின. வீட்டுமனை போடுகிறவர்கள் போனார்கள். உயர் அழுத்த மின் கோபுரம் நிறுத்துகிறவர்கள், அவர் சம்மதத்தைக் கேட்காமலே போனார்கள். எல்லோரும் ஏதோ ஒரு தொகையோடு போனார்கள். பிள்ளைகளில் பலர் பனியன் கம்பெனிக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் போய்விட்ட வீட்டில், உருப்படி மேய்க்க ஆளில்லாமல், புல்லிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தொகையை மறுக்க வேண்டியவர் அவர். அவர் மறுக்க நாம் என்ன செய்தோம்? பயிர்க் காப்பீட்டில் உணவுப் பயிர், எண்ணெய் வித்து, வணிகப் பயிர், தோட்டப் பயிர் உண்டு. மேய்ச்சல் புல் கிடையாது. மழை பொய்த்துப் புல் காய்ந்தால் அது யாருடைய கணக்கிலும் இழப்பு அல்ல. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபட நூலில் புல்வெளியும் புதர்க்காடும் பயன்படாத பூமியோடு சேர்த்து எண்ணப்படுகின்றன. அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் சோலாருக்கு இடம் தேடுகிறார்கள். சூரிய மின் பூங்காவுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. ராஜஸ்தானில் கானமயில் மின்கம்பியில் மோதிச் சாவதைப் பொறுக்காமல் காட்டுயிர்ப் பாதுகாவலர் எம்.கே. ரஞ்சித்சிங் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021-ல் ஓர் உத்தரவு வந்தது, 2024-ல் அது தளர்த்தப்பட்டது என்றாலும் நாடு முழுக்க அது பேசப்பட்டது. நம் பகுதியில் கோபுரங்களுக்கு எதிராக விவசாயிகள் மாதக்கணக்கில் போராடியபோது, அந்தக் கம்பிகளின் கீழே என்னென்ன பறவை இருக்கின்றன என்று ஒரு பக்கத் தகவலாவது எழுதிக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்திருக்கலாம். அவர்களுக்கு அது உதவியிருக்கும்.

காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எங்கே எடுப்பது என்ற பேச்சில் புல்லின் பக்கம் ஒரு குரலும் இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன்.

மரம் நடுதல் பற்றியும் சொல்லியாக வேண்டும், இது பலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே. நல்ல மனதோடு நாம் செய்த பெரிய கெடுதல் இது. ‘பொட்டல்’ என்று நமக்குத் தோன்றிய இடத்திலெல்லாம் குழி தோண்டினோம். பிறந்தநாளுக்கு ஒன்று, நினைவுநாளுக்கு ஒன்று, கம்பெனி செலவில் ஆயிரம். அடர்வனம் என்ற பெயரில் மேய்ச்சல் தரையின் நடுவே நெருக்கி நட்டோம். மரமில்லாத இடம் காயம்பட்ட இடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். வானம்பாடிக்கும் ஆள்காட்டிக்கும் பக்கத்தில் மரம் அடர்ந்தால் காக்கைக்கும் வல்லூறுக்கும் உட்கார இடம் கிடைத்தது என்று அர்த்தம், முட்டை தப்பாது. ஏக்கருக்கு எத்தனை வெள்வேலம் நின்றால் நிழலும் நெற்றும் கிடைக்கும், புல்லும் கெடாது என்ற கணக்குக் காட்டுக்காரருக்குத் தெரியும். நாற்றோடு போன நாம் அவரைக் கேட்கவில்லை.

கிளுவை வேலியின் கதையும் இப்படித்தான். அது முள்ளும் கொடியுமாகப் பின்னிக் கிடக்கும். பிரண்டை ஏறும், கோவை ஏறும். கௌதாரி அதன் அடியில் முட்டையிடும், ஓணானும் கீரியும் சிட்டுகளும் அதில் குடியிருக்கும். ஆனால் வருஷாவருஷம் போத்து செருகி, இடைவெளி அடைத்து, கழித்துவிட வேண்டும். அதற்கு ஆள் கூலி ஆகும். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் வேலை ஒரே தடவையில் முடிந்தது. எனவே வேலிகள் கம்பியாகின்றன. சொட்டுநீர் போட மானியம் இருக்கிறது. உயிர்வேலியைப் புதுப்பிக்கவும் மானியம் கொடுங்கள் என்று கேட்டு நாம் ஒரு தபால் அட்டைகூடப் போட்டதில்லை.

வெளிநாடுகளில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கார்ன்கிரேக் என்ற பறவை வைக்கோலுக்கு விட்ட புல்லில் கூடு கட்டும். இயந்திரம் கொண்டு ஓரத்திலிருந்து உள்நோக்கி அறுத்ததால் குஞ்சுகள் நடுவில் மாட்டிச் செத்தன. பறவை ஆர்வலர்கள் அந்தச் சிறு விவசாயிகளின் வீடுகளுக்குப் போனார்கள். நடுவிலிருந்து வெளிநோக்கி அறுங்கள், கோடைக் கடைசி வரைக்கும் அறுப்பைத் தள்ளிப்போடுங்கள், அதனால் வரும் நஷ்டத்துக்குத் தொகை தருகிறோம் என்றார்கள். 1993-ல் பிரிட்டனில் ஐந்நூறுக்குள் இருந்த, குரல் கொடுக்கும் ஆண் பறவைகளின் எண்ணிக்கை 2014-ல் ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. பிறகு மறுபடி சரிவும் வந்தது. இப்படிப்பட்ட வேலையைப் பாதியில் நிறுத்த முடியாது. நெதர்லாந்தில் தன்னார்வலர்கள் வசந்தத்தில் பால்பண்ணைப் புல்லில் இறங்கிக் கூடுகளைத் தேடிக் குச்சி நட்டு அடையாளம் வைப்பார்கள், விவசாயி அந்த இடத்தைச் சுற்றி டிராக்டரை ஓட்டுவார். மத்தியப் பிரதேசத்தின் சைலானாவில், 1983-ல் வரகுக்கோழிக்கென்றே சரணாலயம் அமைந்த இடத்தில், தன் வயலில் அந்தப் பறவை இருப்பதைச் சொல்லிக் காக்கும் விவசாயிக்கு வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கிறது. மூலனூர் ஆத்தா கூட்டைச் சுற்றிக் கல் வைத்தது இந்த எல்லா வேலைகளுக்கும் சமமானது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் எதுவும் தரவுமில்லை.

நம் பகுதியில் பாடுபட்டவர்களே இல்லை என்று சொன்னால் அது பொய். மதுரையிலிருந்து இயங்கும் சேவா அமைப்பு கொரங்காட்டையும் காங்கேயம் மாடு வளர்ப்பவர்களின் உரிமையையும் பல வருஷம் முன்பே ஆவணமாக்கியது. குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி நடத்தும் காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டோடு சேர்த்துப் புல்லையும் பேசுகிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்த வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததே. மாட்டுக்காரர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். பறவைக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு நான்கு மாவட்டத்துக் காட்டுக்காரர்களும் வருவார்கள். ஒரே இடத்தில், மரத்தடியில், பேச நேரத்தோடு. கொரங்காட்டுப் பறவைகளைப் பற்றித் தமிழில் ஒரு துண்டுத்தாள் அங்கே நாம் கொடுத்ததுண்டா? குளங்களுக்கு எத்தனை சுவரொட்டி அடித்திருக்கிறோம்!

சமீபத்திய ஒரு விஷயத்தோடு இந்தப் பட்டியலை நிறுத்துகிறேன். காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் தெருநாய்கள் கூட்டமாக வந்து பட்டியில் அடைத்த ஆடுகளைக் கடித்துக் கொல்கின்றன. செத்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு விவசாயிகள் சாலைக்கு வந்து இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். ஆடு போனால் மேய்ச்சல் போகும், மேய்ச்சல் போனால் காடு விற்பனைக்கு வரும். அதே நாய்கள் இரவில் கொரங்காட்டில் திரியும்போது தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு என்ன ஆகும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவ்வளவு நேரடியாக நம் விஷயமும் அவர்கள் விஷயமும் ஒன்றாக இருந்த ஒரு போராட்டம் வேறில்லை. பறவை ஆர்வலர்கள் என்று ஒரு பத்துப் பேர் போய் அவர்களோடு சாலையில் உட்கார்ந்திருந்தால், ஏன் வந்திருக்கிறோம் என்பதை அங்கேயே விளக்கியிருக்கலாம். அன்றும் நாம் ஏதோ ஒரு குளத்தங்கரையில் இருந்தோம்.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. கருத்தரங்கம் நடத்த நாம் தயாராக இருப்போம். அதைவிட அவசரமான வேலை இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அங்கே கொடுக்க ஒரு மனு வேண்டும்: கொழுக்கட்டைப்புல்லைச் சாகுபடியாக ஏற்றுக் காப்பீடும் வறட்சி நிவாரணமும் தர வேண்டும், கிளுவை வேலிக்கும் ஆட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் மானியம் வேண்டும், பறவைகள் தரையில் முட்டையிடும் கோடை மாதங்களில் ஒரு துண்டை மேய்க்காமலும் உழாமலும் விடுகிறவருக்கு அந்தத் துண்டின் குத்தகைத் தொகையைக் கொடுக்க வேண்டும், சோலாருக்கு இடம் பார்க்கும் முன் அந்த ஊரின் பறவைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் நம்மிடம்தான் இருக்கிறது, பல வருஷமாக ஆங்கிலத்தில் கணினிக்குள் கிடக்கிறது. அதை ஊர்வாரியாகப் பிரித்து, கௌதாரி, ஆக்காட்டி, பனங்காடை என்று அங்கே வழங்கும் பெயர்களிலேயே அச்சிட்டு, மனுவை எழுதும் முன்பே காட்டுக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் சொல்வதையும் சேர்க்க வேண்டும். மேலே நான் எழுதிய கோரிக்கைகளில் சிலவற்றை அவர்கள் வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவற்றை அடித்துவிட்டு, அவர்கள் கேட்பதை எழுத வேண்டும். அடுத்த கண்ணபுரம் சந்தைக்குள் இது முடிய வேண்டும்.